அந்தாதியை அடுக்கியவள்

பூவாத்தாள் முதன்முதலாக ஒரு நூலகத்துக்குள் நுழைந்தது ஓர் ஆளை அடிப்பதற்காக.

அந்த ஆள் கரியப்பன். மைசூரில் அவள் வேலை பார்த்த பட்டுநூல் ஆலையின் மேஸ்திரி. யுத்த காலம் அது. பாராசூட்டுக்குப் பட்டு வேண்டும் என்று ஆலையை விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை ஓட்டினார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கொதிநீர்த் தொட்டியில் மிதக்கும் பட்டுப்பூச்சிக் கூடுகளிலிருந்து இழை எடுத்து ராட்டையில் விட வேண்டும். இழை அறுந்தால் கரியப்பன் பிரம்பால் அடிப்பான். அன்று மத்தியானம் மாதம்மாவின் இழை அறுந்தது. அவன் பிரம்பைத் தேடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தொட்டிக்குள் அழுத்தி, அப்படியே வைத்திருந்தான். மாதம்மா போட்ட சத்தத்தில் ராட்டைகள் எல்லாம் நின்றன. கையை வெளியே எடுத்தபோது தோல் உரிந்து தொங்கியது.

பூவாத்தாள் எழுந்து வந்தாள். மாதம்மாவின் கையில் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள். சங்கு ஊதியதும் தொட்டி கிளறும் இரும்புக் கரண்டியை முந்தானைக்குள் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

கொள்ளேகாலுக்கு அப்பால், அனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள் அவள். அப்பன் அடித்தான், பிறகு புருஷன் அடித்தான். ஒரு நாள் புருஷனின் கையைத் திருகி முறித்துவிட்டு, கொள்ளேகாலுக்கு நடந்து வந்து, அங்கிருந்து மைசூருக்கு வண்டி ஏறினாள். ஆலையில் அவளைப்போல் வேகமாக நூல் எடுப்பவர் கிடையாது. அவளைப்போல் சண்டை போடுபவரும் கிடையாது. தெருக்குழாயில் அவள் குடத்தைத் தள்ளி வைத்த ஒருத்திக்கு முன்பல் போனது.

கரியப்பன் வெளியே வந்ததும் முதல் அடி தோளில் விழுந்தது. கரண்டியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், ஓடினான். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஜட்கா வண்டிகள் வழியை அடைத்து நின்றன. பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்திவந்த சின்ன நூலகம் அது. உள்ளே புகுந்தான். பின்னாலேயே அவளும் புகுந்தாள்.

உள்ளே நாலைந்து பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். கரியப்பன் ஒரு பெஞ்சைத் தூக்கி அவள்மேல் எறிந்தான். அது முழங்காலில் பட்டு, கரண்டி எங்கோ தெறித்துப் போனது. மேஜைமேல் தடிமனான ஒரு புத்தகம் கிடந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடியும் அடித்தாள். மூன்றாவது அடியில் புத்தகத்தின் முதுகு பிளந்து, தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. கரியப்பன் ரத்தம் சொட்டச் சொட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"பெருமாளே!" என்றார் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேசவமூர்த்தி. மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். அவருக்கும் அவள் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. "அடிக்கறதுக்கு வேற ஏதாவது எடுத்திருக்கப்படாதா? எத்தனை பழைய புஸ்தகம் தெரியுமா அது?"

பூவாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. கையில் மிஞ்சியிருந்த வெற்று அட்டையைப் பார்த்தாள்.

"கோவத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்துப்போட்டனுங்க சாமி. நானே அடுக்கித் தைச்சுக் குடுத்தர்றேன்."

"தைக்கறது இருக்கட்டும். அடுக்கறது எப்படி? ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு நம்பரே இல்லே. உனக்குப் படிக்க வருமா?"

"எங்க ஊருப் பக்கம் மார்டள்ளிப் பள்ளிக்கூடத்துல மூணாப்பு வரைக்கும் போயிருக்கறனுங்க. எழுத்துத் தெரியும்."

கேசவமூர்த்தி இரண்டு தாள்களை எடுத்து அவளிடம் காட்டினார். "இது அந்தாதி. ஒரு பாட்டு எந்த வார்த்தையில முடியறதோ, அடுத்த பாட்டு அதே வார்த்தையில ஆரம்பிக்கும். கடைசி வார்த்தையைப் பார்த்து, அதே வார்த்தையில ஆரம்பிக்கற தாளைத் தேடணும். ரொம்ப நாள் ஆகும்மா. விட்டுடு, போ."

அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு தாளில் கரியப்பனின் ரத்தம் பட்டிருந்தது. அதைத் துடைக்கும்போது அதிலிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

*வாளை எடுத்தாள் வளையைக் கழற்றினாள்*
*நாளை இலையென்று நாவுரைத்தாள் – ஆளைத்*
*தொலைத்த பகைவன் தலைவாசல் தோறும்*
*உலைத்தீயாய் ஓங்கும் பறை.*

முதல் தடவை வெறும் எழுத்தாகத்தான் போயிற்று. இரண்டாவது தடவை வாய்விட்டுப் படித்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரோ அவளை அடித்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. திரும்பவும் படித்தாள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர், "மெதுவா, மெதுவா" என்றார். அவரை அவள் பார்த்த பார்வையில் அவர் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

"யாருங்க சாமி இவ?"

"மலைக்கோட்டை ராணி ஒருத்தி. எதிரிகள் அவ புருஷனைக் கொன்னுட்டா. இவ சண்டைக்குப் புறப்படறா."

"செயிச்சாளா?"

"அடுக்கிப் பாரு. தெரியும்."

ஆலை அவளை நீக்கவில்லை. அவ்வளவு நூல் எடுக்கும் கையை யுத்த காலத்தில் விட முதலாளிக்கு மனம் இல்லை. கரியப்பன் மூக்கில் கட்டோடு வந்து நின்றான். பெண்கள் அவன் முதுகுக்குப் பின்னால் 'மூக்கன்' என்று சொல்லிச் சிரித்தார்கள். அவன் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பூவாத்தாள் பக்கம் வரும்போது மட்டும் நடையைக் குறைத்து, அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போவான்.

அவள் ஒவ்வொரு சாயங்காலமும் நூலகத்துக்குப் போனாள். மூலையில் கோணிப்பை விரித்து, தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, 'பறை' என்று முடிந்த தாளுக்குப் பிறகு 'பறை' என்று தொடங்கும் தாளைத் தேடினாள். தேடுவதற்காக எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருந்தது. தெரியாத சொல்லைக் கேசவமூர்த்தியிடம் கேட்பாள். சிலவற்றுக்கு அவருக்கே தெரியாது. இருவரும் அகராதியைப் புரட்டுவார்கள். கடைசியில் ஒரு நாள் அந்தத் தாள் அகப்பட்டது.

*பறைகேட்டு வந்த பகைவர் குருதி*
*கறைகட்டி நின்ற நிலத்தில் – சிறைதட்டிக்*
*காக்கை இறங்கும், கணவன் உடல்தேடிப்*
*போக்கின்றி நிற்கின்றாள் பூ.*

"கெடைச்சிருச்சுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தாளையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். பறையின் சத்தம் இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்குத் தாவிப் போவது அவள் காதில் கேட்டது. அறுந்த இழையின் இரண்டு நுனியும் விரலுக்குள் ஒட்டிக்கொள்ளும்போது வரும் சந்தோஷம் அவளுக்குப் பழக்கமானது. இது அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதுவரை அவள் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். அடிப்பாள், அடி வாங்குவாள், பிறகு உடம்பு வலி ஒன்றுதான் மிஞ்சும். இந்த ராணியின் கோபமோ வரிவரியாக நடந்து வந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. வெட்டுப்பட்ட யானை சாய்வதற்கு ஒரு முழுப் பாட்டு. அறுந்த தலையில் கண் இன்னும் திறந்திருப்பதற்கு ஒரு பாட்டு. அதைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் அடுத்த தாளைத் தொடாமல் இருந்தாள்.

ஆலையில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தாள். பக்கத்து ராட்டையிலிருந்து மாதம்மா, "அக்கா, சத்தமாச் சொல்லுக்கா" என்றாள். கை இன்னும் முழுதாக ஆறவில்லை. இடது கையால் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் சத்தமாகச் சொன்னாள். வரிசையிலிருந்த பெண்கள் 'உலைத்தீயாய் ஓங்கும் பறை' என்ற இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். கரியப்பன் பிரம்போடு வந்தான். மாதம்மாவின் முதுகில் ஒன்று விழுந்தது. அடுத்தவள் முதுகில் ஒன்று. பாட்டு நின்றது. அவன் நாலு தப்படி நகர்ந்ததும் வரிசையின் அந்தக் கோடியில் யாரோ, "வாளை எடுத்தாள்" என்றார்கள். அவன் திரும்பி ஓடினான். இந்தக் கோடியில், "வளையைக் கழற்றினாள்" என்று கேட்டது. அன்று முழுவதும் அவன் அடித்துக்கொண்டே இருந்தான். அவன் கை சலித்துப் போனதே தவிர பாட்டு நிற்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவாத்தாள் நூலகத்தில் இருந்தாள். தாள்கள் ஏறக்குறைய எல்லாமே வரிசைக்கு வந்துவிட்டன. கோணி ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கேசவமூர்த்தி அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கரியப்பன் கொடுவாளோடு உள்ளே வந்தான். கூட வந்த தடிக்காரன் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றான்.

"இங்கதானேடி அடிச்சே. இங்கயே உன்னைய வெட்டிப்போட்டுப் போறேன்" என்றான் கரியப்பன்.

கேசவமூர்த்தி இருவருக்கும் நடுவில் போய் நின்றார். ஏன் போனோம் என்று அவருக்கே பின்னால் ஆச்சரியமாக இருந்தது. "இது நூலகம்" என்றார். தடிக்காரன் பாய்ந்து வந்து ஒரே அடி அடித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் மேஜையடியில் சுருண்டார்.

கொடுவாள் அவள் தலைக்கு வந்தது. இடது கையை உயர்த்தினாள். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் அறுந்து தாள்கள்மேல் விழுந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. வலது கையில் இருந்த கோணி ஊசியை அவன் தொடையில் கடைசிவரை இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு குனிந்தான். அலமாரியைத் தோளால் முட்டித் தள்ளினாள். புத்தகங்களோடு அது அவன்மேல் சாய்ந்தது. கொடுவாள் தெறித்துப் போய் மூலையில் விழுந்தது. தடிக்காரன் அந்த ரத்தத்தைப் பார்த்தான், தடியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

அதோடு முடிந்திருக்கலாம். கரியப்பனின் இடுப்புக்குக் கீழே அலமாரி அழுத்திக் கிடந்தது. கையில் ஆயுதமும் இல்லை. "வேண்டாம் தாயி" என்றான்.

பூவாத்தாள் தடியை எடுத்தாள். அவன் வலது கையை, பிரம்பு பிடிக்கும் கையை, மாதம்மாவின் மணிக்கட்டைப் பிடித்த கையை, காலால் மிதித்துக்கொண்டு அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சீர் அவள் வாயிலிருந்து வந்தது. "வாளை." அடி. "எடுத்தாள்." அடி. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. "போதும்மா, நிறுத்து, நிறுத்து!" என்று கேசவமூர்த்தி தரையில் கிடந்தபடி கத்தினார். அவள் காதில் விழவில்லை. பாட்டு முடியும்வரை அடித்தாள். முடிந்ததும் அடுத்த பாட்டைத் தொடங்கினாள். போலீஸ் வந்து பிடித்தபோது, 'காக்கை இறங்கும்' என்ற இடத்தில் இருந்தாள். கரியப்பன் எப்போதோ நினைவு தப்பியிருந்தான்.

கோர்ட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. கேசவமூர்த்தி கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு சாட்சி சொன்னார். மாதம்மா தன் வெந்த கையைத் தூக்கிக் காட்டினாள். கொடுவாளோடு வந்து வெட்டியதற்காகக் கரியப்பனுக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. அந்தக் கையால் இனி அவன் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

"விழுந்து கிடந்தவனை ஏன் அடித்தாய்?" என்று பூவாத்தாளிடம் கேட்டார் நீதிபதி.

"பாட்டு முடியலீங்க" என்றாள் அவள்.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவளுக்கு ஒரு வருஷம் கிடைத்தது.

சிறையிலும் அவள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே தன் அறுந்த விரல்களைப் பார்த்துக் கேலி பேசிய ஒருத்தியின் தலையைச் சுவரில் மோதினாள். அவள் பக்கத்தில் படுக்க யாரும் துணியவில்லை, மல்லம்மாவைத் தவிர. மல்லம்மா கன்னடக்காரி. தூங்கும் புருஷன் தலையில் குழவிக்கல்லைப் போட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு யாரிடமும் பயம் இல்லை, யாரிடமும் பேச்சும் இல்லை.

கேசவமூர்த்தி அனுமதி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மெல்லிய ஒரு புத்தகத்தைக் கம்பி வழியாக நீட்டினார்.

"ராணி எங்கீங்க சாமி?" என்றாள் பூவாத்தாள்.

"பைண்ட் பண்ணக் குடுத்திருக்கேன். அது வர்ற வரைக்கும் இதைப் படி."

அவள் அங்கேயே நின்று புரட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஒரு வெட்டுக்கூட இல்லீங்களே இதுல."

"இல்லேதான்."

"பின்னே எதுக்குங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார் அவர். "எனக்குப் பிடிக்கும். கொண்டு வந்தேன்."

அவள் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பாய்க்கு அடியில் போட்டாள். சில நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம், வேலை முடிந்து எல்லோரும் வேப்பமரத்து நிழலில் கிடந்தபோது, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் எடுத்துப் பிரித்தாள்.

*எருமை முதுகில் இளங்காக்கை தூங்க*
*அருகில் அலையும் அசையா – ஒருவர்*
*பெயரை ஒருவர் அழையாத வேளை*
*வெயிலில் கிடக்கும் குளம்.*

படித்துவிட்டுக் காத்திருந்தாள். யாராவது வரவேண்டும். ஒருவன் கத்தியோடு கரையேறி வரவேண்டும்; அல்லது யாராவது கல்லை எறிந்து காக்கையைக் கிளப்பவேண்டும். பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வேறு பாட்டு, வேறு ஏதோ ஒரு மரம். கோபம் வந்தது. இந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்து மறுபடி படித்தாள். குளம் வெயிலில் கிடந்தது. ஒருவர் பெயரை ஒருவர் அழையாத வேளை. பிறந்ததிலிருந்து அவள் பெயரை எல்லோரும் கத்தித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பன், புருஷன், மேஸ்திரி, கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலிகூட. அந்தப் பெயரை யாரும் கூப்பிடாத ஒரு வேளை இருக்கிறது என்றும், அதற்குள் போய் உட்காரலாம் என்றும் அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

நாலாவது தடவை படித்தபோது கண்ணில் நீர் நின்றது. புருஷன் அடித்தபோதும் விரல் போனபோதும் அழாதவள் அவள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். மல்லம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதரல்லி ஏனிதெ?" என்றாள் மல்லம்மா. அதில் என்ன இருக்கிறது என்று.

பூவாத்தாள் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். ஒரு குளம். ஓர் எருமை. அதன் முதுகில் ஒரு காக்கை தூங்குகிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

"ஆமேலெ?" என்றாள் மல்லம்மா. அப்புறம்?

"அஷ்டே." அவ்வளவுதான்.

மல்லம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இன்னொந்து சல ஹேளு" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பூவாத்தாள் தமிழிலேயே படித்தாள். அர்த்தம் இப்போது இருவருக்கும் தெரியும் என்பதால், சத்தம் மட்டும் போதுமானதாக இருந்தது.

அடுத்த மாதம் கேசவமூர்த்தி வந்தார். தோள் கொஞ்சம் சரிந்தே கூடியிருந்தது.

"அந்தக் குளத்துக்கு ஒருத்தருமே வரலீங்க சாமி" என்றாள் பூவாத்தாள். "நானும் காத்துக் காத்துப் பாத்தேன்."

"பிடிக்கலையா?"

"புடிச்சுதுங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "ராணி பாட்டைச் சொன்னா என் கை துடிக்குதுங்க. இதைச் சொன்னா கை மடியிலயே கெடக்குது. ரெண்டும் பாட்டுதானுங்களா?"

"ரெண்டும்தான்."

"அப்ப இன்னும் எத்தனை தினுசு இருக்குதுங்க?"

கேசவமூர்த்தி சிரித்தார். "மூணு அலமாரி இருக்கு. ஒண்ணு நீ கவிழ்த்தது. ராணி புஸ்தகம் பைண்ட் ஆகி வந்துடுத்து. ரத்தக் கறைதான் போகலை. கொண்டு வரட்டுமா?"

"கொண்டாங்க. அதும் வேணும்" என்றாள் பூவாத்தாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்த மாதிரியும் ஒண்ணு கொண்டாங்க சாமி. மல்லம்மா கேக்கறா."